ஹகேவு: பழைய மைசூர் நாட்டின் ராகிக் குழிகளும் ஒரு சொல்லின் மறைவும்

பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியில் தெருப்பெயர்களே ஒரு தானியப் பட்டியலாக அமைந்துள்ளன. அக்கிப்பேட்டை அரிசிக்கு, ராகிப்பேட்டை ராகிக்கு, தரகுப்பேட்டை பலவகைத் தானியங்களின் மொத்த வணிகத்துக்கு. 1537இல் கெம்பேகௌடர் நிறுவியதாக மரபு சொல்லும் இந்நகரின் பொருளியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இப்பெயர்களிலிருந்தே தொடங்குகின்றனர். அது முறையான தொடக்கமே. ஆயினும் சந்தை என்பது தானியம் கைமாறும் இடம். தங்கும் இடம் அன்று. ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில், மழை பெய்த ஆண்டுக்கும் பொய்த்த ஆண்டுக்கும் இடையில், தானியம் எங்கே இருந்தது? இக்கேள்விக்குப் பேட்டைத் தெருக்களில் விடை இல்லை. நகரைச் சுற்றியிருந்த ராகி நாட்டில் விடை மண்ணுக்கடியில் இருந்தது. அதற்குக் கன்னடத்தில் 'ஹகேவு' என்று பெயர். நிலத்தைத் தோண்டி அமைத்த தானியக் குழி என்பது பொருள்.

இன்று பெங்களூருவில் பிறந்து வளர்ந்த கன்னட மாணவர்கள் பலருக்கும் இச்சொல் அகராதிச் சொல்லே. ஒரு சொல் வழக்கொழிவது மொழியியலாருக்குப் புதிதன்று. ஆனால் இச்சொல்லோடு ஓர் அறிவும், ஓர் அதிகாரமும், ஒரு பேரழிவின் நினைவும் சேர்ந்து மறைந்திருக்கின்றன என்பதால் இதனைச் சற்று விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில் சொல். கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாக மாறியது பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் படிப்படியாக நிகழ்ந்த, நன்கு நிறுவப்பட்ட ஒலிமாற்றம். தமிழின் பால், பல், புலி, பத்து ஆகியவை இன்றைய கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என நிற்பதை யாவரும் அறிவர். அந்த விதிப்படி ஹகேவு என்பதன் முன்வடிவம் பகரத்தில் தொடங்கும் 'பகெவு' போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வாறாயின் இச்சொல் ஒலிமாற்றத்துக்கு முன்பே கன்னடத்தில் இருந்தது என்றாகிறது. சொல் இருந்தது எனில் பொருளும் இருந்திருக்கும். தெலுங்கில் இதே பொருளுக்குப் 'பாதர' என்ற சொல் வழங்குகிறது. புதைத்தல் என்னும் பொருள்தரும் வினையோடு தொடர்புடையது அது.

தமிழுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. குதிர், குலுக்கை, பத்தாயம், தொம்பை, சேர் எனத் தமிழில் தானியக் கலன்களுக்குச் சொற்பஞ்சமே இல்லை. ஆனால் இவை பெரும்பாலும் தரைக்குமேல் நிற்பவை. பெரும்பாணாற்றுப்படை ஏணிக்கும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகளைப் பாடுகிறது. தமிழ் இலக்கியத்தின் தானியக் கற்பனை மேல்நோக்கி உயர்கிறது. கன்னட, தெலுங்கு மேட்டுநிலத்தின் தானியக் கற்பனையோ கீழ்நோக்கி இறங்குகிறது. இதை மொழியின் இயல்பு என்று கொள்வது பிழை. இது மண்ணின் இயல்பு. காவிரிக் கழிமுகத்தில் சில அடி தோண்டினாலே நீர் சுரக்கும். அங்கே குழியில் நெல்லைக் கொட்டுவது நாற்று விடுவதற்கு ஒப்பாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், நீர் ஆழத்தில் கிடக்கும் கெட்டியான செம்மண் மேட்டில் அமைந்த பெங்களூருச் சீமையில் குழி உலர்ந்தே இருக்கும். சொற்களின் பரவலை வரைபடத்தில் இட்டால் மொழி எல்லையைவிட நிலத்தடி நீர் எல்லை தெளிவாகத் தெரியக்கூடும் என்பது என் கருத்து.

சேமிப்புக் கலன்களின் பெயர்கள் அளவைப் பெயர்களாக மாறுவதும் நோக்கத்தக்கது. தமிழில் கலம் என்பது பாத்திரமும் ஆகும், முகத்தலளவையும் ஆகும். வைக்கோல் சுற்றிய விதைநெற் கட்டு 'கோட்டை' எனப்பட்டது; பின்னர் அதுவே தென்மாவட்டங்களில் நெல்லின் அளவையாயிற்று. தென்கன்னடக் கடற்கரையில் வைக்கோற்பொதியாகிய 'முடி' அரிசியின் அளவையாயிற்று. ஒரு குடும்பம் எவ்வளவு உடையது என்பதை அது எதில் சேமிக்கிறது என்பதைக் கொண்டே அளந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இவை சான்று.

அடுத்து, குழி எவ்வாறு இயங்கியது என்பது. மேடான, கெட்டியான இடம் தேர்ந்தெடுக்கப்படும். வாய் ஓர் ஆள் இறங்குமளவுக்குக் குறுகியும் உட்புறம் அகன்றும் குழி தோண்டப்படும். ஈரம் தானியத்தைத் தீண்டாதிருக்க அடியிலும் பக்கங்களிலும் வைக்கோல் பரப்பப்படும். நன்கு காயவைத்த ராகியை வாய்வரை நிரப்பி, மேலும் வைக்கோலிட்டு, கல்லால் மூடி, மண்ணால் பூசிவிடுவர். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததன்பின் வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800–01இல் மைசூர் நாடெங்கும் பயணம் செய்த மருத்துவர் பிரான்சிஸ் புகானன், ராகி வேளாண்மையோடு இக்குழிச் சேமிப்பையும் தம் நூலில் குறித்துள்ளார். 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூல், குழியிலிட்ட ராகி பல ஆண்டுகள் கெடாமலிருக்கும் என்னும் உள்ளூர் அனுபவத்தைப் பதிவுசெய்த தொடக்ககால ஆங்கிலச் சான்றுகளுள் ஒன்று.

இதன் அறிவியல் எளியது. தானியமும் உயிருள்ள பொருளே; அது மூச்சுவிடுகிறது. அதனோடு அடைபட்ட பூச்சிகளும் பூஞ்சைகளும் மூச்சுவிடுகின்றன. காற்றுப் புகாத குழியில் இவை சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன, கரியமிலவாயு பெருகுகிறது. பூச்சிகள் மடிகின்றன, பூஞ்சை வளர்ச்சி நின்றுபோகிறது, தானியம் உறங்குகிறது. மருந்தோ புகையோ தேவையில்லை. தானியத்தைக் கெடுக்க வந்தவையே தம் மூச்சால் தம்மை அழித்துக்கொள்கின்றன. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பட்சர் பண்ணையில் பீட்டர் ரெனால்ட்ஸ் 1970களில் தொடங்கி நடத்திய சோதனைகள் இரும்புக்காலக் குழிகளின் செயல்முறை இதுவே என்று காட்டின. குழியின் ஓரத்தில் உள்ள சிறு அடுக்கு ஈரம்பட்டு முளைத்து ஆக்சிஜனை உண்டுவிட, நடுவிலுள்ள பெரும்பகுதி காக்கப்படுகிறது. மால்ட்டாவிலும் மொராக்கோவிலும் இத்தாலியின் செரிஞோலாவிலும் இத்தகைய குழிகள் பெருமளவில் இருந்தன. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரூன் நாட்டு உழவர்களின் தட்டைப்பயறைக் காக்க உருவாக்கிய மூவடுக்குப் பைகளும் இதே நெறியில் இயங்குபவை. குழி பையாகிவிட்டது, நெறி மாறவில்லை.

தானியத்தைக் காக்கும் அதே வாயு மனிதரைக் கொல்லும் என்பதையும் மறக்கலாகாது. கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். வாயைத் திறந்தவுடன் உள்ளே இறங்கியவர் மூர்ச்சித்து விழுவார். அவரை மீட்க இறங்கியவரும் விழுவார். ஆகவே திறந்த குழியைச் சிறிது காலம் ஆறவிட வேண்டும் என்பது இச்சேமிப்பு முறையின் உயிர்நிலையான விதி. இங்கே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குழி யாருடையது என்பதை ஆவணங்களிலிருந்து ஊகிக்கலாம். குழிக்குள் இறங்கியவர் யார்? உடையவரே இறங்கினாரா, பண்ணையாளா? மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நச்சுவாயு தாக்கி இறப்போர் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை இன்றைய நாளிதழ்கள் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அச்சாவுகள் நிற்கவில்லை. மூடிய குழியின் வேதியியல் எல்லாருக்கும் ஒன்றே. அதற்குள் இறக்கப்படுபவர் மட்டும் எல்லாரும் அல்லர்.

குழியின் வெற்றியில் பாதி ராகிக்குரியது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராக்கப்பட்டு இந்தியா வந்த இத்தானியம் மிகச் சிறியது. ஆயிரம் ராகி மணிகள் சேர்ந்தால் எடை ஏறத்தாழ 3 கிராம்தான். ஆயிரம் நெல்மணிகள் 20 கிராமுக்கு மேல் நிற்கும். அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடுவது. அதன் புழு மணிக்குள்ளேயே வளரவேண்டும். ராகி மணிக்குள் அதற்கு இடம் இல்லை. மேலும் ராகியின் செம்பழுப்புத் தோலில் செறிந்துள்ள துவர்ப்புப் பொருள்கள் பூஞ்சையை ஓரளவு தடுக்கின்றன. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் முழுமணிக்கே. மாவாக அரைத்தவுடன் கொழுப்பு காற்றோடு கலக்கிறது, ஈரம் ஏறுகிறது, சிறு வண்டுகள் புகுகின்றன. எனவே மணியை ஆண்டுக்கணக்கில் சேமித்து, மாவை அவ்வப்போது வீட்டுத் திரிகையில் அரைத்துக்கொண்டனர். அந்தத் திரிகையைச் சுற்றிய கை பெண்ணின் கை. குழி காத்த தானியத்தை உணவாக்கிய உழைப்பு வைகறைதோறும் நிகழ்ந்தது. அது எந்த வருவாய்க் கணக்கிலும் ஏறவில்லை.

ராகியின் கெடாத்தன்மையைக் கன்னட இலக்கியம் ஒரு நீதிவழக்காகவே ஆக்கியிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் கனகதாசர் இயற்றிய 'ராமதான்ய சரித்திரெ' என்னும் சிறு காவியத்தில் நெல்லுக்கும் ராகிக்கும் உயர்வு தாழ்வு குறித்து வாக்குவாதம் எழுகிறது. நெல் தன் பிறப்பையும் வேள்வியில் தனக்குள்ள இடத்தையும் சொல்லிப் பெருமை கொள்கிறது. ராகி, தான் ஏழையைக் காப்பதைச் சொல்கிறது. இராமன் உடனே தீர்ப்புக் கூறவில்லை. இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைத்துவைக்கச் சொல்கிறான். காலம் கழிந்து திறந்து பார்க்கும்போது நெல் வாடியிருக்கிறது. ராகி அப்படியே இருக்கிறது. இராகவன் தன் பெயரையே அதற்கு அளிக்கிறான் என்று கதை முடிகிறது. இராகவன் என்பதிலிருந்து ராகி வந்தது என்பது மக்கள் வழக்குச் சொற்பிறப்பு. மொழியியல் அதனை ஏற்காது. ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, சொல்லுக்கு மக்கள் தந்த பொருள் வேறு. குரும்பர் சமூகத்தில் பிறந்த கனகதாசர் சாதி உயர்வை மறுப்பதற்கு ஒரு சேமிப்புச் சோதனையைத் தேர்ந்தெடுத்தார் என்பதே முக்கியம். குலத்தைக் கேட்காதே, காலத்தில் நிலைப்பது எது என்று பார் என்பது அவர் வாதம். தானியத்தைக் குழியிலிட்டுத் திறந்து பார்த்த அனுபவம் பொதுவாக இருந்த ஒரு சமூகத்துக்கே இக்கதை எளிதில் விளங்கும்.

இதுவரை சொன்னதை வைத்து மரபுச் சேமிப்பைப் புகழ்ந்து இக்கட்டுரையை முடித்துவிடலாம். சமூக ஊடகங்களில் சிறுதானியம் பற்றி வரும் பதிவுகள் பல அவ்வாறே முடிகின்றன. ஆனால் 1876–78ஐக் கடந்து செல்ல முடியாது.

அப்போது மைசூர், 1831 முதல், ஆங்கிலேய ஆணையர் ஆட்சியில் இருந்தது. 1875இலேயே விளைச்சல் குன்றியது. 1876இல் பருவமழை பொய்த்தது. துன்பம் 1878வரை நீண்டது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 லட்சத்து 55 ஆயிரமாக இருந்த மைசூர் நாட்டு மக்கள்தொகை 1881இல் 41 லட்சத்து 86 ஆயிரமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கிலிருந்து மறைந்தனர்; இயல்பாகக் கூடியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு மேலும் பெரியது. ராகிக் குழிகளின் நாட்டில்தான் இது நிகழ்ந்தது. குழிகள் என்னவாயின?

இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் சேர்ந்தே உண்மை. முதலாவது, காலம். ஓராண்டு மழை பொய்த்தால் குழி தாங்கும். தொடர்ந்து பொய்த்தால் குழியும் வெறுமையாகும். நல்ல ஆண்டுகளில் மிச்சம் இருந்தால்தான் குழி நிறையும். வரியைப் பணமாகக் கட்டவேண்டிய உழவன் அறுவடையானவுடன் விற்றாக வேண்டும். அவன் மிச்சம் பேட்டைக்குப் போகும், குழிக்குப் போகாது. இரண்டாவது, உடைமை. குழி என்பது நிலம் உடையவனின் காப்பீடு. நாட்கூலியாகத் தானியம் பெற்று அன்றே உண்ட உழவுத்தொழிலாளிக்குக் குழி இல்லை. வேலை நின்ற நாளில் அவன் உணவும் நின்றது. விலையேற்றம் நிறைந்த குழியை உடையவனுக்கு ஆதாயமாகும், இல்லாதவனுக்குச் சாவாகும். பஞ்சம் என்பது உணவு இல்லாமையைவிட உணவின்மீது உரிமை இல்லாமை என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். மைசூர்ச் சான்று அவ்வாதத்துக்கு அருகில் நிற்கிறது. தானியத்தைக் காக்கும் நுட்பம் எவ்வளவு சிறந்ததாயினும் அது யாருடைய தானியம் என்ற கேள்வியைத் தீர்ப்பதில்லை.

கௌடலீயரின் அர்த்தசாத்திரம் இதனை அறிந்திருந்தது போலும். பண்டகசாலையில் சேர்வதில் பாதியை நாட்டுமக்களின் இடர்க்காலத்துக்கு ஒதுக்கி, மறுபாதியையே செலவிட வேண்டும், பழையதை எடுத்துப் புதியதை இடவேண்டும் என்கிறது அந்நூல். 1877இன் அரசோ விலையில் தலையிடுவது வணிகத்தைக் கெடுக்கும் என்ற கொள்கையில் நின்றது. சென்னையிலிருந்து இருப்புப்பாதை 1864இலேயே பெங்களூரு தண்டு நிலையத்தை எட்டியிருந்தது. ஆகவே தானியம் பெங்களூருவரை வர வழி இருந்தது. அதற்கப்பால் மாட்டுவண்டிதான், தீவனமின்றி மாடுகளும் மடிந்துகொண்டிருந்தன. பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூரு–மைசூரு இருப்புப்பாதை 1882இல் மைசூரை அடைந்தது. பட்டினி கிடந்தவர்கள் போட்ட மண்மேட்டின்மீது, பஞ்சம் முடிந்தபின், வண்டி ஓடியது. இந்தப் பஞ்சத்தை ஆராய விரும்பும் மாணவர்கள் 1878இல் வில்லியம் டிக்பி இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கலாம். சென்னை, பம்பாய் மாகாணங்களோடு மைசூரையும் அது உள்ளடக்கியது.

இருப்புப்பாதைக்குப் பின் சேமிப்பின் பொருளே மாறத் தொடங்கியது. பஞ்சத்துக்கு மறுமருந்து வீட்டுக் குழி என்ற நிலை போய், தொலைவிலிருந்து வரும் தானியம் என்ற நிலை வந்தது. இரண்டாம் உலகப்போர் அந்தத் தொலைவின் ஆபத்தைக் காட்டியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் ரவை இட்லியைத் தாம் உருவாக்கியதாகப் பெங்களூருவின் மாவள்ளி டிபன் ரூம்ஸ் கூறிவருகிறது. விடுதலைக்குப் பின் 1950இல் மைசூருவின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் அதற்குமுன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றியவர். 1965இல் இந்திய உணவுக் கழகம் வந்தது. சேமிப்பு வீட்டிலிருந்து கிடங்குக்கும், அனுபவ அறிவிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கும் நகர்ந்தது. இதை வெறும் இழப்பாகக் காண்பது நேர்மையாகாது. குழி இல்லாத குடும்பத்துக்கும் நியாயவிலைக் கடையில் ஓர் அட்டை உண்டு. நாட்கூலிக்காரனின் உணவுரிமை முதன்முறையாக எழுத்தில் வந்தது. தென்கர்நாடகத்தில் அந்தக் கடைகளில் இப்போது ராகியும் வழங்கப்படுகிறது.

ஆயினும் வீட்டுக்குள் குழியின் நெறி முற்றும் மறையவில்லை. ஊறுகாய்ச் சாடி ஒரு சிறு குழியே. பெங்களூரு போன்ற பன்மொழி நகரில் அச்சாடிக்கு மூன்று பெயர்கள். தமிழில் ஊறுகாய், தெலுங்கில் ஊரகாய, கன்னடத்தில் உப்பினகாயி. தமிழும் தெலுங்கும் நிகழ்வைப் பெயராக்கின. கன்னடம் அந்நிகழ்வை நிகழ்த்தும் பொருளைப் பெயராக்கியது. 'ஊறு' என்ற வினையின் இரட்டைப் பொருளும் இங்கே பொருத்தமானது. காய் உப்பில் ஊறுகிறது. காயிலிருந்து நீர் ஊறுகிறது. உப்பு காயின் நீரை வெளியே இழுத்து, கிருமிகள் பயன்படுத்தக்கூடிய ஈரத்தைக் குறைக்கிறது. புளிப்பு நச்சுக்கிருமிகளைத் தடுக்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றை அடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படை அந்தணர் மனையில் மாவடு இட்ட காடியைக் குறிப்பதால், இந்தச் சாடியின் வயது தமிழில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு எனலாம். அப்பளத்தின் பெயரும் இந்த அண்டைவீட்டு உறவைச் சொல்கிறது. வடமொழிப் பர்ப்பட மலையாளத்தில் பப்படமாகப் பகரத்தைக் காத்தது, கன்னடத்தில் ஹப்பளமாயிற்று. தமிழ் அப்பளத்தில் முதலெழுத்து இல்லாமையும் ளகரம் இருப்பதும் அச்சொல் கன்னட வழியே வந்திருக்கலாம் என்று கருத இடந்தருகின்றன.

இங்கே மரபறிவைப் பகுத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. ஈரக் கரண்டியைச் சாடியில் இடாதே என்ற விதி நுண்ணுயிரியல் அடிப்படை உடையது. மாதவிலக்கான பெண் சாடியைத் தொட்டால் கெடும் என்ற விதிக்கு அத்தகைய அடிப்படை ஏதும் இல்லை. அது வேறொரு அதிகாரத்தின் விதி. இரண்டும் ஒரே பாட்டியின் வாயிலிருந்து ஒரே குரலில் வந்தன என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளவோ ஒன்றாகத் தள்ளவோ கூடாது. காற்றடைப்பு எப்போதும் காப்பதும் இல்லை. புளிப்பற்ற ஈரமான பொருளை எண்ணெயில் அமிழ்த்தி வெளியில் வைத்தால், காற்றில்லா இடத்தில் வளரும் பாட்டுலினம் நஞ்சு உருவாகலாம். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். உரித்த பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வாரக்கணக்கில் வைப்பது இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மாங்காயும் எலுமிச்சையும் புளியும் நம் ஊறுகாய்களில் இன்றியமையாதவையாக இருப்பது சுவைக்காக மட்டுமன்று.

மரபறிவுக்கு எட்டாத ஆபத்தும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை படிந்த நிலக்கடலைத் தீவனத்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்த பின்னரே அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறச் சிற்றூர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 106 பேர் கல்லீரல் நோயால் இறந்தனர். வேறு உணவு இல்லாததால் உண்டவர்கள் அவர்கள். அந்நஞ்சு கழுவினாலும் சமைத்தாலும் முற்றும் போவதில்லை. உலர்ந்த பின்னரே மூட வேண்டும் என்ற ராகிக் குழியின் முதல் விதி ஏன் முதல் விதியாக நின்றது என்பது இங்கே விளங்குகிறது.

தொகுத்துச் சொன்னால், ஹகேவு நமக்கு மூன்று செய்திகளைத் தருகிறது. வீட்டுச் சேமிப்பு தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பகுதி. அதை வெறும் சமையலறைச் செய்தியாக ஒதுக்கியது நம் துறைகளின் குறை. அந்த நுட்பத்தின் வரலாற்றை உடைமை, உழைப்பு ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது. நிறைந்த குழியின் பக்கத்திலேயே பட்டினி இருந்தது. மூன்றாவதாக, பொருள் மறைந்தபின் சொல் சிறிது காலமே உயிரோடிருக்கும். கலன்களின் பெயர்களை வயது முதிர்ந்தோரிடமிருந்து இப்போதே தொகுக்காவிட்டால் பின்னர் அகராதியை மட்டுமே நம்பவேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, கோலார் பகுதிகளைச் சேர்ந்த நண்பர்கள், மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் தானியக் குழி இருந்ததா? தமிழ் பேசும் வீடுகளில் அதற்கு என்ன பெயர்? எதனால் மூடினார்கள், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திறந்தார்கள், உள்ளே இறங்கியவர் யார்? ஊர்ப்பெயர், சொன்னவரின் தோராயமான வயது, வீட்டுமொழி ஆகியவற்றை மட்டும் சேர்த்துப் பின்னூட்டத்தில் எழுதினால் போதும். ஒரு சொல்லுக்கு ஓர் ஊர் கிடைத்தாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி கூடும்.